ராசாவிலிருந்து ரந்தாவ் வரை: தோட்டச் சாலைக்கு ஒரு எஃகு சைக்கிள்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு டோல் கட்டி நெடுஞ்சாலையில் போனால் அரை மணி நேரத்தில் கடற்கரையில் நிற்கலாம். ஜாலான் ராசா வழியாகப் பழைய சாலையைப் பிடித்து, மம்பாவ் தாண்டி, ரந்தாவ் பக்கம் திரும்பி, சிலியாவ், லுக்குட் என்று போனால் காரில் ஒரு மணி நேரம் ஆகும். அதே வழியைச் சைக்கிளில் போனால் ஒரு காலைப் பொழுது வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தின் கதை தெரியவேண்டும் என்றால் அந்த ஒரு காலைப் பொழுதை ஒதுக்கத்தான் வேண்டும்.

ராசா இன்று சிரம்பான் நகரத்தோடு ஒட்டிவிட்டது. துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை, கடை வரிசை, தாமான்கள், காலையிலும் மாலையிலும் நகராத வாகன வரிசை. சற்றுத் தள்ளி சிரம்பான் 2, அதற்கும் அப்பால் ஸ்ரீ செண்டாயான் என்று புது நகரங்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்த நிலமெல்லாம் தோட்டம். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடங்களில் இப்போது வீடுகள் எழும்புகின்றன. 1891-ஆம் ஆண்டு சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்துச் சுங்கை ஊஜோங் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதில் இன்று இரயில் ஓடுவதில்லை. லயங்களில் பிறந்தவர்கள் தாமான்களில் குடியேறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

"அம்மா பிறந்த தோட்டம் எங்கே இருந்தது?" என்று பிள்ளை கேட்டால், பலராலும் கார் கண்ணாடி வழியாகக் கையைத்தான் காட்ட முடிகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் அந்த இடம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் பழைய கிணறு கண்ணில் படும், கோயில் மணி காதில் விழும், சாலையோரம் நிற்கும் பெரியவரிடம் வழி கேட்கவும் முடியும். அண்மைக் காலத்தில் நம் இளைஞர்கள் சிலர் சைக்கிள் பயணத்தில் இறங்கியிருப்பதற்கு உடற்பயிற்சி ஒரு காரணம். வேரைத் தேடுவது இன்னொரு காரணம்.

அவர்களில் சிலர், கடையில் தொங்கும் சைக்கிளை வாங்காமல், அளவெடுத்துச் செய்த எஃகு சைக்கிளை வாங்க நினைக்கிறார்கள். இப்படிச் செய்து தரும் பட்டறைகள் ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா முதல் இந்தியா வரை இருக்கின்றன. செலவு பல ஆயிரம் ரிங்கிட். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் நல்லது. அதற்கு இந்தச் சாலையே நல்ல வாத்தியார்.

தாத்தாவின் சைக்கிள் சொன்ன பாடம்

ரந்தாவ் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க நிறுத்தினேன். மேசையில் இருந்த பெரியவர் என் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார். பால் வெட்டிப் பிழைத்தவர், எண்பதை நெருங்கும் வயது.

"என்ன தம்பி, இவ்வளவு லேசா இருக்கு? நாங்க வச்சிருந்தது ரெண்டு ஆள் தூக்கணும்."

"இதுவும் எஃகுதான் ஐயா. குழாய் மெல்லிசு."

"லேசா இருந்தா சரி. பின்னால சாமான் கட்டினா ஆடுமா, ஆடாதா? அதைச் சொல்லு."

பயணச் சைக்கிள் வாங்குகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான். பழைய இங்கிலாந்துச் சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி. சுமை பின்னால்தான் ஏறும் என்று தெரிந்து செய்த கணக்கு அது. காண்டாக் கம்பில் வாளி சுமந்தவர்கள் ஒருபுறம் இருக்க, சிறுதோட்டக்காரர்கள் கேரியரில் பால் டின்னைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் மிதித்தார்கள். இருபது லிட்டர் டின் இரண்டு என்றால் 40 கிலோ. இன்றைய பயணி கூடாரம், துணி, சமையல் சாமான் எல்லாம் சேர்த்துக் கட்டுவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

குழாய்: பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்

சைக்கிள் என்றால் 'டியூப்' என்று நாம் சொல்வது டயருக்குள் இருக்கும் இரப்பரை. இங்கே பேசப் போவது பிரேமின் குழாய்களை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-இல் ஒரு காப்புரிமை பெற்றார். குழாயின் இரண்டு முனைகளும் தடிப்பாக இருக்கும், நடுப்பகுதி மெல்லியதாக இருக்கும். வெளியே பார்த்தால் ஒரே அளவு. பற்றவைக்கும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், அங்கே கனம் வேண்டும். நடுவில் அவ்வளவு தேவையில்லை. இதை ஆங்கிலத்தில் 'பட்டட்' குழாய் என்பார்கள். 1935-இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 என்ற குழாயைக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுக் காலம் பந்தயச் சைக்கிளுக்கும் பயணச் சைக்கிளுக்கும் அதுதான் பெரிய பெயர். இத்தாலியின் மிலான் நகரில் 1919-இல் தொடங்கிய கொலம்பஸ், ஜப்பானின் டாங்கே ஆகியவை அதே வரிசையில் வருபவை.

இன்று பட்டறைக்காரர் உங்கள் முன் ஒரு பட்டியலை வைப்பார். சாதாரண குரோம்-மாலிப்டினம் எஃகான 4130, அதே வகையில் ரெனால்ட்ஸ் 525, சூட்டில் பதப்படுத்திய 725, பற்றவைத்தபின் காற்றிலேயே இறுகும் 631, 853. எண் மாறும்போது விலையும் ஏறும்.

இங்கே ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எஃகும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். ஒரே விட்டம், ஒரே கனம் உள்ள இரண்டு குழாய்களில் ஒன்று மலிவான 4130, மற்றது விலை உயர்ந்த 853 என்றாலும், ஒரே சுமைக்கு இரண்டும் ஒரே அளவு வளைந்து கொடுக்கும். விலை உயர்ந்தது எங்கே வேறுபடுகிறது என்றால், நிரந்தரமாக வளைந்துபோகவோ உடையவோ அதற்குக் கூடுதல் விசை தேவை. அதனால் அதை இன்னும் மெல்லியதாக இழுத்து எடையைக் குறைக்கலாம். பந்தயக்காரருக்கு அது பயன்படும்.

சுமை ஏற்றும் பயணிக்கு வேண்டியது ஆடாத பிரேம். அதைத் தருவது விட்டம். குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடுகிறது. பழைய அளவில் கீழ்க்குழாய் 28.6 மில்லிமீட்டர். இப்போது 31.8 கிடைக்கிறது. கண்ணுக்கு மூன்று மில்லிமீட்டர்தான். சுவரின் கனம் ஒன்றாகவே இருந்தால் விறைப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு கூடுகிறது, எடை 11 விழுக்காடுதான் கூடுகிறது. பின்னால் 20 கிலோ கட்டிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது ஹேண்டில் நடுங்காமல் இருக்க இந்த மூன்று மில்லிமீட்டர் பெரிதும் உதவும்.

கனத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் நீளம், 31.8 மில்லிமீட்டர் விட்டம் உள்ள குழாய், சுவர் முழுக்க 0.8 மில்லிமீட்டர் என்றால் எடை சுமார் 370 கிராம். முழுக்க 0.5 என்றால் சுமார் 230 கிராம். வித்தியாசம் 140 கிராம். தண்ணீர் பாட்டிலை நிரப்பினாலே 750 கிராம். ஆகவே பயணச் சைக்கிளுக்கு முனை 0.8, நடு 0.5 என்ற அளவோ, சுமை அதிகம் என்றால் முனை 0.9, நடு 0.6 என்ற அளவோ போதும். சாதாரண குரோம்-மாலிப்டினம் குழாயில் இதைச் செய்தால் ஆயுளுக்கும் வரும். மிச்சமாகும் பணத்தைச் சக்கரத்தில் போடுங்கள்.

அளவெடுப்பதில்தான் அளவெடுத்த சைக்கிளின் பெருமை

குழாயின் பெயரைவிட உங்கள் கால் நீளமும் கை நீளமும் முக்கியம். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கும் 180 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கும் ஒரே வடிவத்தைச் சுருக்கியும் பெருக்கியும் கொடுத்தால் சரிவராது. குட்டையானவர் பெரிய சக்கரம் போட்டால், திருப்பத்தில் கால் விரல் முன் மட்கார்டில் இடிக்கும். அவருக்கு 26 அங்குலச் சக்கரம் பொருந்தும். கடைச் சைக்கிள் உடம்புக்கு ஒத்துவராதவர்கள்தான் உண்மையில் அளவெடுத்துச் செய்யவேண்டியவர்கள். கடைச் சைக்கிளே பொருந்துகிறவர் அதை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தில் பத்துப் பயணம் போகலாம்.

செய்வதென்று முடிவெடுத்தால் சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெடல் அச்சிலிருந்து பின் அச்சு வரை உள்ள தூரம் பந்தயச் சைக்கிளில் 410 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பயணச் சைக்கிளுக்கு 450 முதல் 460 வரை கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பக்கப் பையில் இடிக்கும். கேரியர், மட்கார்டு, மூன்றாவது தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் திருகு துளைகளைச் சாயம் அடிக்கும் முன்பே வைக்கச் சொல்லுங்கள். பிறகு வைக்கவேண்டும் என்றால் சாயத்தைச் சுரண்டிச் சூடு காட்ட வேண்டும்.

மம்பாவ் ஏற்றம் கேட்கும் கியர்

ராசாவை விட்டு வெளியே வந்தால் சாலை ஏறி இறங்கும். மலை என்று சொல்ல முடியாது, ஆனால் ஓயாத மேடு பள்ளம். சிரம்பானிலிருந்து கோலாப்பிலா போகிறவருக்குப் புக்கிட் புத்துஸ் ஏற்றம் வேறு காத்திருக்கிறது.

பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு சுற்று மிதித்தால் வண்டி 5 மீட்டருக்கு மேல் நகரும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதைத் தவிர வழியில்லை. பயணச் சைக்கிளில் முன்னால் சிறிய வட்டு 26 பல், பின்னால் பெரிய வட்டு 34 பல் இருந்தால், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். கால் வலிக்காது, மூட்டும் தப்பும். கடைக்காரர் பத்து வேகம், பன்னிரண்டு வேகம் என்று எண்ணிக்கையைச் சொல்வார். நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "சின்ன கியர் எவ்வளவு சின்னது?"

சக்கரம்: '26' என்றால் எந்த 26?

ரந்தாவ் தாண்டினால் இருபுறமும் செம்பனை. தோட்டத்துக்குள் பிரியும் பாதைகள் செம்மண்ணும் கல்லும். (தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்திலோ காவலரிடமோ கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். "எங்க பாட்டி இங்கே வேலை செய்தவங்க" என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் நல்ல பதில்தான் கிடைக்கும்.)

இப்படிப்பட்ட பாதைக்கு 36 கம்பிச் சக்கரம், 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர். சக்கரம் எந்த அளவு என்பதில் ஒரு பொறி இருக்கிறது. மலைச் சைக்கிளின் 26 அங்குல டயரும், பழைய மட்கார்டு சைக்கிளின் 26 × 1⅜ டயரும் ஒன்றல்ல. முதலாவது ரிம் 559 மில்லிமீட்டர், இரண்டாவது 590. ஒன்றில் மற்றது ஏறவே ஏறாது. இன்று அதிகம் விற்பது 622 மில்லிமீட்டர். டயரின் பக்கத்தில் 47-559 என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் அளவு. அந்த இரண்டாவது எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சிறு பட்டணத்துக் கடைகளில் என்ன டயர் தொங்குகிறது என்று ஒரு சனிக்கிழமை சுற்றிப் பார்த்துவிட்டுச் சக்கரத்தை முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

பர்மிங்காமிலிருந்து அம்பத்தூர் வழியாக

பெடல் அச்சு உட்காரும் இடத்துக்குப் புதுப்புது வடிவங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பயணிக்கு நல்லது பழைய மரைதான். அதன் பெயர் பி.எஸ்.ஏ. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம். 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிப் பிறகு சைக்கிளுக்கு வந்த நிறுவனம். அந்த மரைக்கு ஏற்ற அச்சும் திறக்கும் சாவியும் உலகெங்கும் சைக்கிள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்.

பி.எஸ்.ஏ. என்ற பெயர் தமிழ்நாட்டில் உறவுக்காரர்கள் உள்ள எவருக்கும் தெரிந்ததுதான். 1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் தொடங்கியது டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று சைக்கிள்கள் வந்தன. அந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் 1928 முதலே ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனத்தையும் தன் கையில் வைத்திருந்தது. ஆக, அம்பத்தூரில் நம் சித்தப்பா ஓட்டிய சைக்கிளும், ஐரோப்பிய மலைகளில் பந்தயக்காரர் ஓட்டிய 531-உம் ஒருகாலத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

பிரேக்கிலும் இதே நியாயம்தான். பழைய சைக்கிளின் எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. பள்ளத்தில் செருப்பைத் தேய்த்து நிறுத்தியவர்கள் நம்மில் உண்டு. இன்று அலுமினிய ரிம்மும் வி-பிரேக்கும் போட்டால் மழையிலும் நிற்கும், கட்டையை எந்தக் கடையிலும் மாற்றலாம். செம்மண் சேற்றில் அடிக்கடி போகிறவருக்கு ரிம் சீக்கிரம் தேயும். அவர் டிஸ்க் பிரேக் போடலாம், அதிலும் எண்ணெயில் இயங்குவதை விட்டுக் கம்பியில் இயங்குவது வழியில் சரிசெய்ய எளிது. டிஸ்க் என்றால் முன் கவட்டை அதற்கேற்ற கனத்தில் இருக்க வேண்டும். அதையும் பிரேம் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

"எஃகு என்றால் எங்கேயும் பற்றவைக்கலாம்" என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. கேரியர் கம்பி உடைந்தால் பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம். 0.5 மில்லிமீட்டர் சுவர் உள்ள குழாயின் நடுப்பகுதியில் கார் கதவு ஒட்டும் ஆள் நெருப்பைக் காட்டினால் ஓட்டைதான் மிஞ்சும். பிரேம் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

கடற்காற்றும் துருவும்

லுக்குட் தாண்டியதும் காற்று மாறும். போர்ட்டிக்சன் கடலின் உப்பு அதில் இருக்கிறது. நம் நாட்டு ஈரத்தில் எஃகின் எதிரி சுமையல்ல, துரு. அதுவும் உள்ளே இருந்து வரும் துரு. இருக்கைக் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் பெடல் அச்சுக்கு மேலே தேங்கி நிற்கும். அதன் அடியில் ஒரு சிறு வடிகால் துளை வைக்கச் சொல்லுங்கள். புதுப் பிரேம் வந்ததும், சாமான் பூட்டும் முன், குழாய்களுக்குள் துருத் தடுப்பு எண்ணெயை ஊற்றிச் சுழற்றிவிடுங்கள். பிரேமுக்கென்றே விற்பது கிடைக்காவிட்டால் ஆளி விதை எண்ணெய் போதும். அலுமினிய இருக்கைத் தண்டு எஃகுக் குழாயில் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் தடவி, ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பூட்டுங்கள். கேரியர் உரசிச் சாயம் போன இடத்தில் நகச்சாயம் தொட்டு வைத்தாலும் காப்பாற்றும். இவ்வளவுக்கும் சேர்த்து ஐம்பது ரிங்கிட்கூட ஆகாது. விலை உயர்ந்த குழாயைவிட இது அதிக நாள் உழைக்க வைக்கும்.

போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ராசாவிலிருந்து கிளம்புங்கள். அப்போது லாரி குறைவு. பத்து மணிக்கு மேல் வெயில், பிற்பகலில் இடி மழை. ஆகவே பதினொன்றுக்குள் போர்ட்டிக்சன் சேர்ந்துவிடுவது நல்லது. இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு உதிரி டியூப், பம்பு, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம் கட்டாயம். பிள்ளைகளோடு போகிறவர்கள் ராசா, மம்பாவ் நெரிசலைக் காரில் கடந்து, ரந்தாவில் சைக்கிளை இறக்கிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லயம் இருந்த மேடு, கோயில், பள்ளிக்கூடம், பால் கொட்டகை எது எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லுங்கள். வரைபடத்தில் அந்தப் பெயர்கள் பல இன்று இல்லை. வரைந்து தரக்கூடியவர்களும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். சைக்கிளுக்கு ஆறு மாதம் காத்திருக்கலாம். அந்தத் தாளை இந்த வாரமே வாங்கி வையுங்கள்.